மட்டாஞ்சேரி யூதர் தெருவில் ஒரு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பழைய யூதர் குடியிருப்பை வழிகாட்டியுடன் நடந்து பார்க்க விரும்பும் தமிழ்ப் பயணிகள், புறப்படுவதற்கு முன்பும் நடையின்போதும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. அங்கே குழுக்களை அழைத்துச் செல்லும் ஒருவரின் பார்வையில் எழுதப்பட்டதால், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதில் என்னுடைய விருப்பு வெறுப்புகளும் இதில் கலந்திருக்கும்.

நடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மட்டாஞ்சேரி அரண்மனையின் வாசலில் தொடங்கி, அதை அடுத்துள்ள, யூதர்களின் தொழுகை இடமான பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு, யூதர் தெரு வழியாகத் தெற்கு நோக்கி நடந்து, மரக்கடவுப் பகுதியில் சிதைந்து நிற்கும் கடவும்பாகம் ஜெப ஆலயத்தில் முடிப்பது நல்லது. தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் நின்று பார்த்து, கேட்டு நடந்தால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் பரதேசி ஜெப ஆலயத்தை மட்டும் இருபது நிமிடங்களில் பார்த்துவிட்டுக் கடைகளுக்குள் நுழைந்துவிடுகின்றன. அப்படிப் பார்த்தவர்கள், கேரள யூதர்களில் மிகச் சிறிய ஒரு பிரிவினரின் கதையை மட்டுமே கேட்டுத் திரும்புகிறார்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் வரவேண்டும்?

ஞாயிறு முதல் வியாழன் வரை வாருங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாளாகிய சபாத் என்பதால் ஜெப ஆலயம் மூடியிருக்கும். சபாத் வெள்ளி மாலை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுவதால் வெள்ளிக்கிழமை பிற்பகலும் திறப்பதில்லை. போதாக்குறைக்கு, தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வார இறுதியை நம்பிக் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்பி வருபவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வாராவாரம் நடக்கிறது. யூதப் பண்டிகை நாள்களிலும் ஜெப ஆலயம் மூடப்படும். அந்தப் பண்டிகைகள் சந்திர சூரிய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மதிய இடைவேளை உண்டு என்பதால் காலை பத்து மணிக்கே அங்கே இருப்பது உத்தமம்.

எர்ணாகுளத்திலிருந்து எப்படி வருவது?

படகில் வாருங்கள். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. இறங்கிய இடத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடங்களில் மட்டாஞ்சேரி வந்துவிடலாம். ஆட்டோ ஓட்டுநரிடம் "ஜூதப்பள்ளி" என்று சொன்னால் போதும். உள்ளூரில் ஜெப ஆலயத்துக்கு அதுவே பெயர்.

கேரளத்துக்கு யூதர்கள் எப்போது வந்தார்கள்?

சாலமோன் மன்னரின் காலத்திலேயே வந்ததாகவும், கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் வந்ததாகவும் அவர்களிடையே மரபுக் கதைகள் உண்டு. மிளகு வணிகத்துக்காக மேற்காசியக் கப்பல்கள் முசிறிக்கு வந்துகொண்டிருந்த காலம் அது என்பதால் இதை நடக்கவே முடியாதது என்று தள்ளிவிடவும் முடியாது. சான்று காட்டி நிறுவவும் முடியாது. சான்று என்று சொல்லத்தக்கது கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்கு அளிக்கப்பட்ட அந்த உரிமைப் பட்டயத்தில் சாட்சிக் கையொப்பம் இட்ட வெளிநாட்டு வணிகர்களில் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் தங்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யூத வணிகர்கள் இந்தக் கரையில் சாட்சி சொல்லும் அளவுக்கு மதிப்புடன் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

அவர்களுடைய முதல் பெரிய குடியிருப்பு கொச்சியில் இல்லை; இன்று கொடுங்கல்லூர் எனப்படும் முசிறிப் பகுதியில் இருந்தது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் அந்தத் துறைமுகம் மண்மூடிப்போய்க் கொச்சித் துறைமுகம் உருவானது என்று சொல்லப்படுகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1344 அளவில், மட்டாஞ்சேரிக்கு அருகே கொச்சங்காடியில் ஒரு ஜெப ஆலயம் எழும்பிவிட்டது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் பரதேசி ஜெப ஆலயத்தின் முற்றச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கும் அவசரத்தில் எல்லோரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

யூதர்களுக்கு அரசர் கொடுத்த செப்பேட்டில் என்னதான் எழுதியிருக்கிறது? தமிழர்களால் படிக்கமுடியுமா?

சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 அளவில் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அளித்த பட்டயம் அது. பட்டயத்தில் அவர் பெயர் ஈசுப்பு இறப்பான் என்று வருகிறது. எழுத்து வட்டெழுத்து என்பதால் பயிற்சியில்லாமல் படிக்கமுடியாது. ஆனால் யாராவது வாசித்துக் காட்டினால், மலையாளம் தனிமொழியாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி என்பதால், தமிழ் அறிந்தவர்களுக்குப் பெரும்பகுதி விளங்கும்.

அஞ்சுவண்ணத் தலைமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் அதில் வழங்கப்படுகின்றன. பகலில் விளக்கு ஏந்திச் செல்லுதல், நடக்கும் வழியில் துணி விரித்தல், பல்லக்கு, குடை, பறை, காகளம் என்னும் ஊதுகொம்பு, தோரணம் கட்டுதல் ஆகியவை அவற்றில் அடங்கும். இவை அக்காலத்தில் உயர்குடியினருக்கு மட்டுமே உரிய சின்னங்கள். அதோடு சுங்கமும், சரக்கை நிறுக்கும் துலாக்கூலியும் அவருக்கு விலக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகர்களின் குழுமம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள தீர்த்தாண்டதானபுரக் கல்வெட்டிலும் அந்தப் பெயர் வருகிறது. ஆகவே ஓர் அரசன் அகதிகளுக்கு இரங்கித் தந்த கொடையாக இதைச் சித்திரிப்பது பொருந்தாது. துறைமுகத்துக்குச் செல்வம் கொண்டுவரும் வணிகர் தலைவன் ஒருவனை அரசு தன் பக்கம் இருத்திக்கொண்ட ஏற்பாடு என்று புரிந்துகொள்வதே சரி.

மூலச் செப்பேடு பரதேசி ஜெப ஆலயத்தின் பாதுகாப்பில் உள்ளது; பார்வையாளர்களுக்குக் காட்டப்படுவதில்லை. 2017 ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேல் சென்றபோது இதன் பிரதி ஒன்றை அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசளித்தார்.

இதுவும் ஐரோப்பாவில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ போன்றதுதானா?

இல்லை. வெனிஸ் நகரம் 1516இல் யூதர்களை ஒரு தீவுப் பகுதிக்குள் அடைத்து, இரவில் வாயிற்கதவுகளைப் பூட்டிக் காவல் போட்டது. காவலுக்கான செலவையும் யூதர்களே கட்டவேண்டியிருந்தது. 1797இல் நெப்போலியனின் படை வரும்வரை அந்தக் கதவுகள் நீடித்தன. மட்டாஞ்சேரியில் சுவரும் இல்லை, இரவுப் பூட்டும் இல்லை. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டி, தம் குடும்பக் கோயிலான பழையன்னூர் பகவதி கோயிலுக்குப் பக்கத்திலேயே இவர்களுக்கு நிலம் தந்தார். கோயில் மணியோசை ஜெப ஆலயத்தில் கேட்கும் நெருக்கம் அது.

இதை வைத்து, இந்தியாவில் யூதர்களுக்கு எந்தத் துன்பமும் நேர்ந்ததில்லை என்று சில வழிகாட்டிகள் முழங்குவார்கள். உள்ளூர் இந்து அரசர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் 1524இல் கொடுங்கல்லூரில் யூதர்கள் தாக்கப்பட்டு வீடுகளும் ஜெப ஆலயங்களும் எரிக்கப்பட்டதால்தான் பலர் கொச்சிக்கு ஓடிவந்தார்கள். 1662இல், டச்சுக்காரர்களுக்கு ஆதரவாக இருந்தார்கள் என்று போர்த்துகீசியர்கள் பரதேசி ஜெப ஆலயத்தைச் சூறையாடினார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைப்பற்றிய பிறகே அதைச் சீரமைக்க முடிந்தது.

ஜெப ஆலயத்துக்குள் எதைக் கவனித்துப் பார்க்கவேண்டும்?

1568இல் கட்டப்பட்ட இந்த ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தவுடன் எல்லோருடைய தலையும் மேலே பார்க்கும். பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளும் பல நிறக் கண்ணாடி விளக்குகளும் கூரை முழுவதும் தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து முடித்தபின், கூடத்தின் நடுவே பித்தளைத் தூண்கள் சூழ்ந்திருக்கும் மேடையைப் பாருங்கள். தொழுகையை நடத்துபவர் நிற்கும் இடம் அது. எருசலேமின் திசை நோக்கி மேற்குச் சுவரில் உள்ள செதுக்குவேலைப் பேழைக்குள் யூத மறைநூலாகிய தோராவின் சுருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன.

பிறகு மாடத்தை நோக்குங்கள். அங்கே இரண்டாவதாக ஒரு மேடை இருக்கிறது. உலகின் பிற பகுதிகளில் ஒரு ஜெப ஆலயத்துக்கு ஒரு மேடைதான். கேரளத்து ஜெப ஆலயங்களில் மட்டும் மாடத்திலும் ஒன்றைக் கட்டி, சபாத்திலும் பண்டிகைகளிலும் அங்கிருந்தே தோராவை வாசித்தார்கள். அதற்குப் பின்னால், மரத் தட்டிக்கு அப்பால் பெண்கள் அமர்ந்தார்கள். ஆக, வாசிப்பு நடக்கும் இடத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள் பெண்களே. இந்தப் பெண்கள் மலையாளத்தில் இயற்றிய பாடல்கள் தனி மரபாகவே வளர்ந்தன. திருமணப் பாட்டும் விவிலியக் கதைப் பாட்டும் ஒவ்வோர் ஊர் ஜெப ஆலயத்தின் பெருமை சொல்லும் பாட்டும் கையெழுத்து நோட்டுகளில் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. ஆண்கள் இருக்கும் இடத்திலும் அவர்கள் குரலெடுத்துப் பாடினார்கள் என்பது, பழமையில் ஊறிய பிற யூதச் சமூகங்களில் காண்பதற்கு அரியது.

தரை ஓடுகளைப் பற்றிய கதை உண்மையா?

நீலமும் வெள்ளையுமான அந்த ஓடுகள் சீனாவில் கையால் வரையப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியுடன் பெருவணிகம் செய்த எசேக்கியல் ரஹாபி அவற்றைத் தருவித்தார். அரசர் தம் அரண்மனைக்காக வரவழைத்த ஓடுகள் இவை என்றும், அவற்றைச் செய்யப் பசுவின் இரத்தம் சேர்க்கப்பட்டதாக யூதர்கள் புரளி கிளப்பியதால் அவர் வேண்டாம் என்று கொடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. சிரிப்பதற்கு நன்றாக இருக்கிறது; வரலாறாக எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. ஓர் ஓட்டைப் போல் இன்னொன்று இல்லை என்பதையும் அடிக்கடி கேட்பீர்கள். குனிந்து, அடுத்தடுத்த நான்கைந்து ஓடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே மரமும் அதே பூவும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓரிடத்தில் கிளை சற்று வளைந்திருக்கும், இன்னோரிடத்தில் நீலம் கசிந்து இதழின் விளிம்பு மங்கியிருக்கும். வேறுபாடு தூரிகையைப் பிடித்த கையில் இருக்கிறது. எல்லாம் வெவ்வேறு ஓவியங்கள் என்பது மிகை.

வெளியே உள்ள மணிக்கூண்டு?

அதையும் ரஹாபிதான் 1760 அளவில் கட்டுவித்தார். ஒரு முகத்தில் எபிரேய எழுத்தும் இன்னொன்றில் ரோமானிய எண்ணும் மற்றொன்றில் உள்ளூர் எண்ணும் இருப்பதைப் பார்க்கலாம். பல்லாண்டுகள் ஓடாமல் கிடந்து, 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியுடன் பழுதுபார்க்கப்பட்டது.

கறுப்பு யூதர், வெள்ளை யூதர் என்று பிரித்துச் சொல்கிறார்களே, அது என்ன?

இந்த நடையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. அந்தப் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலமாக இங்கே வாழ்ந்த, கேரள யூதர்களில் மிகப் பெரும்பான்மையானவர்கள் மலபாரி யூதர்கள். ஸ்பெயினிலிருந்து 1492இலும் போர்ச்சுகலிலிருந்து அதன் பின்னும் விரட்டப்பட்ட குடும்பங்களும், அலெப்போ, பாக்தாத் முதலிய ஊர்களிலிருந்து பிற்பாடு வந்தவர்களும் பரதேசி யூதர்கள். பரதேசி என்பதற்கு இங்கே வெளிதேசத்தார் என்று மட்டுமே பொருள்; தமிழ்க் காதுக்குத் தோன்றும் இழிவு அதில் இல்லை.

எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களாக இருந்தும், ஐரோப்பிய மொழிகளும் வணிகத் தொடர்புகளும் கைவசம் இருந்ததால், பரதேசிகளே சமூகத்தின் முகமாக ஆனார்கள். மலபாரி யூதர்களோடு திருமண உறவு கொள்ள மறுத்தார்கள். அவர்கள் தூய யூதர்கள் அல்லர் என்று காரணமும் சொன்னார்கள். அது பற்றிய கேள்வி 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்துக்கு அனுப்பப்பட்டது. அக்காலத்தின் பெரும் சட்ட அறிஞரான ரப்பி தாவீது பென் ஸிம்ரா, ஒரு முழுக்குச் சடங்கைச் செய்துவிட்டுத் தாராளமாக மணம் கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதினார். தங்கள் மதத்தின் மிக உயர்ந்த சட்டக் குரலே சொன்னதைப் பரதேசிகள் ஒதுக்கிவைத்தார்கள். சாதியை இங்கே வந்து கற்றுக்கொண்டார்கள் என்று சிலர் இலேசாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். கற்றுக்கொடுத்த சமூகமும் கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் அப்படி எளிதாக விலகிப்போக முடியாது.

இதைவிடக் கடுமையான நிலையில் இருந்தவர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள். பரதேசி ஜெப ஆலயத்திலேயே அவர்கள் தொழுதார்கள். ஆனால் இருக்கையில் அமரும் உரிமை இல்லை. தரையிலோ வாயிலை ஒட்டிய முன்கூடத்திலோ இருக்கவேண்டும். தோரா வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். அந்த முன்கூடத்தில்தான் இன்று பார்வையாளர்கள் செருப்பைக் கழற்றியபின் நிற்கிறார்கள்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். வழக்கறிஞரானார், கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், தொழிலாளர்களுக்காகப் பேசினார், 1929இல் காங்கிரஸின் லாகூர் மாநாட்டுக்குச் சென்றார். திரும்பிவந்து காந்தியின் அறப்போர் முறையைத் தம் சொந்த ஜெப ஆலயத்துக்குள் கையாண்டார். பிள்ளைகளோடு வந்து தங்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார், புறக்கணித்தார், வாதாடினார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை. பின்வரிசை இருக்கை முதலில் கிடைத்தது, தோரா வாசிக்கும் உரிமை பிறகு வந்தது. அவருடைய மகன் பரதேசிக் குடும்பப் பெண் ஒருவரை மணக்க விரும்பியபோது, திருமணத்தைப் பம்பாயில் நடத்தவேண்டியிருந்தது. யூத காந்தி என்று அழைக்கப்பட்ட சேலம் 1967இல் மட்டாஞ்சேரியிலேயே காலமானார். சரவிளக்குகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத வழிகாட்டிக்கு நீங்கள் கொடுக்கும் பணம் வீண் என்பது என் கருத்து.

துன்புறுத்தப்படவில்லை என்றால் ஏன் போனார்கள்?

தினசரித் தொழுகையில் எருசலேமுக்குத் திரும்பும் நாளை வேண்டிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். 1948இல் இஸ்ரேல் அமைந்தபோது அந்த வேண்டுதல் கைகூடியதாக மலபாரி யூதர்கள் கருதினார்கள். சுதந்திரத்துக்குப் பின் வணிகச் சூழலும் மாறியது. ஏழைக் குடும்பங்களுக்குப் புதிய நாடு ஒரு வாழ்க்கையைக் காட்டியது. ஆனால் உடனே போகமுடியவில்லை. கொச்சியில் யானைக்கால் நோய் பரவலாக இருந்ததால், அது தங்கள் நாட்டில் தொற்றிவிடும் என்று இஸ்ரேலிய அதிகாரிகள் தயங்கினார்கள். வீட்டை விற்று, சாமான்களைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் பலர். 1953இல் சேலம் இஸ்ரேலுக்கே நேரில் சென்று பேசினார். அடுத்த இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 2400 பேரைக் கொண்ட சமூகத்தின் பெரும்பகுதி புறப்பட்டுவிட்டது. நெகேவ் பாலைவனத்தை ஒட்டிய நெவாத்திம், மலைப் பகுதியில் உள்ள மெசிலத் சியோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். நெவாத்திமில் கொச்சி பாணியில் ஒரு ஜெப ஆலயமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

பரதேசிகள் சொத்துகளின் காரணமாக அப்போது தங்கிவிட்டார்கள். 1968இல் தங்கள் ஜெப ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவைப் பிரதமர் இந்திரா காந்தி முன்னிலையில் கொண்டாடினார்கள்; அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அதன் பின் அவர்களும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள்.

இப்போது அங்கே யூதர்கள் யாராவது இருக்கிறார்களா?

மட்டாஞ்சேரியில் அநேகமாக எவரும் இல்லை என்றே சொல்லலாம். யூதப் பெண்கள் கையால் பூவேலை செய்த துணிகளை விற்றுவந்த சாரா கோஹன் 2019இல் தம் 96ஆம் வயதில் காலமானார். அவருடைய கடையும் வீடும் இருந்த இடம் தெருவில் இன்றும் அடையாளம் காட்டப்படுகிறது. 2024இல் பரதேசி யூதரான க்வீனி ஹலேகுவாவும் மறைந்தார். முழுமையான கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பதால், வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேரும்போதுதான் அது கைகூடுகிறது.

யூதர்கள் யாராவது மிச்சம் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்கும் பயணிகள் உண்டு. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். கதவு திறந்திருக்கும் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். இந்தத் தெருவின் கடைசி மூதாட்டிகள் பல ஆண்டுகள் அந்தத் தொல்லையைச் சகித்தே வாழ்ந்தார்கள்.

தெருவில் நடக்கும்போது எதைப் பார்ப்பது? எல்லாம் கடைகளாகவே தெரிகின்றனவே?

கடைகளுக்கு மேலே பாருங்கள். சன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. வாசல் நிலையின் வலப்பக்கத்தில், தோள் உயரத்தில், மெசூசா என்னும் சிறு உறையைப் பதிப்பது யூத வழக்கம். அதற்குள் தோரா வரிகள் எழுதிய தோல்சுருள் இருக்கும். வீட்டை விற்றவர்கள் அதை எடுத்துச் சென்றுவிட்டார்கள். சுண்ணாம்பும் பெயின்ட்டும் பலமுறை பூசப்பட்டிருந்தாலும், சில கதவுகளில் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கலாம்.

வடக்கே ஜெப ஆலயத்தை ஒட்டிப் பரதேசிகளும், தெற்கே மலபாரி யூதர்களும் வாழ்ந்தார்கள். ஒரே தெருவில் மூன்று ஜெப ஆலயங்கள் இருந்தன. நடுவில் இருந்த தெக்கும்பாகம் 1960களில் இடிக்கப்பட்டுவிட்டது. சுக்கும் மிளகும் மஞ்சளும் கோணி மூட்டைகளில் அடுக்கியிருந்த கிடங்குகள் பெரும்பாலும் இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. ஆனாலும் மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சில சந்துகளில் சுக்கு நெடி மூக்கில் ஏறத்தான் செய்கிறது.

கடவும்பாகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், மிகக் குறைவு. மரபுப்படி 1544இல் எழுந்த மலபாரி யூதர்களின் இந்த ஜெப ஆலயம், சமூகம் வெளியேறிய பின் கிடங்காகப் பயன்பட்டது. அதன் செதுக்குவேலை மரக் கூரையும் உள்ளலங்காரமும் 1990களில் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு அங்கே மறுபடி பொருத்தப்பட்டுள்ளன. அங்கே உள்ள பேழை மட்டும் பரவூர் ஜெப ஆலயத்துடையது. இங்கே எஞ்சிய கூட்டின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பத்து நிமிடங்களுக்கு முன் பார்த்த பளபளப்பான பித்தளை மேடையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே நடையை இங்கே முடிக்கச் சொல்கிறேன். பெரும்பான்மையினரின் ஆலயம் இது. உள்ளே போகாதீர்கள், சுவர்கள் உறுதியாக இல்லை.

கல்லறைகளைப் பார்க்கலாமா?

யூதக் கல்லறைத் தோட்டங்கள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அனுமதியின்றிச் சுவரேறிப் படம் எடுப்பது முறையன்று. ஆனால் 1615இல் மறைந்த யூத ஞானியும் கவிஞருமான நெஹேமியா மோத்தாவின் சமாதி, வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. யூதர்கள் போய்விட்ட பின்பும் அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள்.

உடை, செருப்பு, கேமரா?

தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். செருப்பைக் கழற்றவேண்டும். உள்ளே படம் எடுப்பது குறித்து வாசலில் உள்ள அறிவிப்பைப் பின்பற்றுங்கள். காவலரிடம் பேரம் பேசவேண்டாம்.

முதியவர்களும் குழந்தைகளும் வரலாமா?

தெரு சமதளம் என்பதால் நடப்பதில் சிரமம் இல்லை. வெயிலும் புழுக்கமும்தான் பிரச்சினை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குடை கட்டாயம்.

பழம்பொருள் கடைகளில் வாங்கலாமா?

இரசித்துப் பார்க்கலாம், வாங்கும்போது நிதானம் தேவை. யூதர் வீட்டுப் பொருள் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல, யூதர் வீட்டை அறியாதவை. கூர்ந்து பார்க்கும் தமிழ்ப் பயணிகள், அங்கே நிறுத்தியிருக்கும் மரத்தூண்களையும் நிலைக்கதவுகளையும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்து வந்தவை என்று எளிதில் கண்டுகொள்வார்கள். பழையது போல் புதிதாகச் செய்தவையும் ஏராளம். உண்மையிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் வாழும் உறவினருக்குப் பரிசாக வாங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். உங்கள் வழிகாட்டி ஒரு குறிப்பிட்ட கடைக்குள் போயே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினால் அங்கே அவருக்குத் தரகு உண்டு என்று புரிந்துகொள்ளுங்கள். நடைக்கான கட்டணத்தையும், கடைகளுக்கு அழைத்துப் போகவேண்டாம் என்பதையும் தொடங்கும்போதே பேசி முடித்துவிடுவது இருவருக்கும் நல்லது.

இன்னும் அரை நாள் இருந்தால் எங்கே போகலாம்?

யூத வரலாற்றில் நாட்டம் இருந்தால் எர்ணாகுளத்தின் வடக்கே பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். இரண்டு ஊர்களிலும் மலபாரி யூதர்களின் ஜெப ஆலயங்கள் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகங்களாக உள்ளன. மட்டாஞ்சேரியில் விடுபட்ட பெரும்பான்மையினரின் வாழ்க்கையை அங்கே விரிவாகக் காணலாம். சேந்தமங்கலம் ஜெப ஆலயத்தின் முன், இஸ்ரேலின் மகள் சாரா என்ற பெண்ணுக்கு 1269இல் நாட்டிய எபிரேயக் கல்லறைக் கல் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேயக் கல்லறைக் கல்லாக அது கருதப்படுகிறது. திரும்பும் வழியில் எர்ணாகுளம் சந்தைப் பகுதியில் உள்ள கடவும்பாகம் ஜெப ஆலயத்தையும் பார்த்துவிடலாம். முன்பகுதியில் வண்ணமீன்களும் செடிகளும் விற்கும் கடை இருப்பதால், அதைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும்.

கொச்சியை விட்டு வெளியே போக நேரமில்லை என்றால், ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் உள்ள வண்ணார் துறைக்குச் செல்லுங்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சலவைத் தொழிலுக்காகக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே இன்றும் வேலை செய்கின்றன. உங்களோடு தமிழிலேயே பேசுவார்கள். காலையில் சென்றால் வேலை நடப்பதைப் பார்க்கலாம் என்பதால், அந்த நாளில் ஜெப ஆலயத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.